கையெழுத்துக் கேட்கும் முன் கணக்கைக் காட்டுங்கள்

அமெரிக்கக் கல்லூரி ஃப்ரெடர்னிட்டி (மாணவர் சங்கம்), சொராரிட்டி (மாணவியர் சங்கம்) ஆகியவற்றின் ஆள்சேர்ப்பு குறித்து அந்நாட்டில் வாழும் தமிழ்ப் பெற்றோரும் மாணவரும் முன்வைக்கும் கோரிக்கைச் சாசனம்

பெறுநர்: பல்கலைக்கழகத் தலைவர்கள், மாணவர் நலத் துறைகள், ஃப்ரெடர்னிட்டி, சொராரிட்டிகளின் தேசியத் தலைமையகங்கள், வளாகந்தோறும் உள்ள சாப்டர் (கிளை) நிர்வாகிகள், அவற்றின் பழைய மாணவர் ஆலோசகர்கள்.

முகவுரை

ஆகஸ்டு பிறந்தால் அமெரிக்கக் கல்லூரி ஊர்களில் கிரேக்க எழுத்து மாட்டிய வீடுகளின் முன்னே பதினெட்டு வயதுப் பிள்ளைகள் வரிசை கட்டி நிற்கிறார்கள். அந்த வரிசையில் இன்று எங்கள் பிள்ளைகளும் நிற்கிறார்கள். நாற்பதாயிரம் பேர் படிக்கும் வளாகத்தில் நாலு பேரைத் தெரிந்துகொள்ள, சாப்பாட்டு மேசையில் உட்கார ஓர் இடம் பிடிக்க, நாளைக்கு வேலைக்குப் பரிந்துரைக்க மூத்தவர் ஒருவரைச் சம்பாதிக்க அவர்கள் அங்கே போகிறார்கள். அந்த ஆசையில் தவறில்லை. இச்சங்கங்களை இழுத்து மூடச் சொல்லி நாங்கள் வரவில்லை.

நாங்கள் படித்த ஊர்களில் ஃப்ரெடர்னிட்டி கிடையாது, ராகிங் உண்டு. 1996-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழக மருத்துவ மாணவர் நாவரசு கொல்லப்பட்ட செய்தி எங்களில் பலருக்கு இன்னும் மறக்கவில்லை. அதையடுத்து 1997-இல் தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் இயற்றியது. அதே 1997-இல் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் மாணவர் வரப்பிரகாஷ் ராகிங்குக்குப் பலியானார். மறு ஆண்டே இலங்கை நாடாளுமன்றம் சட்டம் கொண்டுவந்தது. ஆகவே மூத்தவர் இளையவரை ‘மனிதனாக்கும்’ விளையாட்டு எங்கே போய் முடியும் என்பதை எங்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

ஆனால் ஒரு வித்தியாசத்தை ஒப்புக்கொள்கிறோம். ராகிங் கல்லூரிக்குள் கால் வைத்த எல்லார் மேலும் விழுந்தது. ஃப்ரெடர்னிட்டியில் ஹேஸிங் எனப்படும் சேர்க்கைக் கொடுமை தானே வந்து சேர்ந்தவன் மேல் விழுகிறது. அதனால்தான் ஒவ்வொரு சாவுக்குப் பிறகும் “அவனே விரும்பித்தானே போனான்” என்ற பேச்சு எழுகிறது. ஃப்ளோரிடா, பென்சில்வேனியா உள்ளிட்ட மாநிலங்களின் சட்டம் இந்த வாதத்தை ஏற்பதில்லை. பாதிக்கப்பட்டவர் சம்மதித்தார் என்பது அங்கே தற்காப்பு ஆகாது. எங்கள் கேள்வி அதற்கும் முந்தியது. எதற்குச் சம்மதிக்கிறோம் என்று அந்தப் பிள்ளைக்குச் சொன்னீர்களா?

ஆள்சேர்ப்பு இன்று நடக்கும் விதம்

கிரேக்க எழுத்துச் சங்கங்களின் தொடக்கம் 1776. வில்லியம் அண்ட் மேரி கல்லூரியில் ஃபை பீட்டா காப்பா தோன்றிய ஆண்டு அது. இன்றைய சமூக ஃப்ரெடர்னிட்டிகளின் வேர் 1820-களின் யூனியன் கல்லூரியில் இருக்கிறது. வெள்ளையர் சங்கங்கள் கதவைச் சாத்தியபோது கறுப்பின மாணவர்கள் 1906-இல் கார்னெல்லில் ஆல்ஃபா ஃபை ஆல்ஃபாவை உண்டாக்கினார்கள். 1994-இல் பிங்ஹாம்டனில் ஐயோட்டா நூ டெல்டாவும், 1998-இல் ஆஸ்டினில் டெல்டா எப்ஸிலான் சையும், அதே ஆண்டு ஹூஸ்டனில் டெல்டா ஃபை ஒமேகா சொராரிட்டியும் தெற்காசிய மாணவர்களால் தொடங்கப்பட்டன. எங்கள் வீட்டுப் பிள்ளைகள் இந்த எல்லாக் கதவுகளையும் தட்டுகிறார்கள். ஒவ்வொரு கதவுக்கும் ஒரு முறை உண்டு.

ஆண்களின் பொது ஃப்ரெடர்னிட்டிகளில் ‘ரஷ்’ எனும் ஆள்சேர்ப்பு வாரம் பார்ப்பதற்குக் கலகலப்பாக இருக்கும்: பர்கர், கூடைப்பந்து, வீட்டைச் சுற்றிக் காட்டுதல், கைகுலுக்கல். விருந்தினர் போனபின் சாப்டர் கூட்டம் கூடும். திரையில் ஒரு முகம் வரும். அதன் கீழே பெயர், ஊர், படிப்பு. “இவனை யாருக்குத் தெரியும்?” என்று ரஷ் பொறுப்பாளர் கேட்பார். ஒருவர் “நல்லா பேசினான்” என்பார். இன்னொருவர் தட்டோடு ஓரமாகவே நின்றான் என்பார். ஒரு நிமிடத்தில் முடிவு. சில சாப்டர்களில் ஒன்றிரண்டு எதிர் வாக்கு போதும், அந்த முகம் போய் அடுத்த முகம் வந்துவிடும். தேறியவனுக்கு ‘பிட்’ எனும் அழைப்பு வரும். தேறாதவனுக்குக் காரணம் சொல்வார் இல்லை.

சொராரிட்டிகளில் ஒழுங்கு அதிகம். பதிவுக் கட்டணம் கட்டி, பல சுற்றுகளில் வீடு வீடாகப் போய், இறுதிச் சுற்றுக்குப் பின் மாணவி தன் விருப்பத்தை வரிசைப்படுத்திக் கையெழுத்திட வேண்டும். அந்தப் பட்டியலில் உள்ள ஒரு சங்கம் அழைத்து, அவள் மறுத்தால், அதே வளாகத்தில் அடுத்த ஆண்டின் முதன்மை ஆள்சேர்ப்பு வரை வேறு எந்தச் சங்கத்திலும் சேர முடியாது. இதைப் படித்துப் பார்த்துக் கையெழுத்திடும் மாணவிகள் எத்தனை பேர்?

கறுப்பினச் சங்கங்களிலும் அவற்றின் வழியைப் பின்பற்றும் தெற்காசிய, ஆசியச் சங்கங்களிலும் கூட்டம் சிறிது, இரகசியம் பெரிது. யார் சேர்கிறார் என்பதே வெளியில் தெரியாமல் பல வாரம் நடக்கும். கடைசியில் மேடையேற்றி உலகுக்குக் காட்டுவார்கள்.

பெண் பார்க்கப் போகும் வீட்டில்கூட நாங்கள் நாலு பேரிடம் விசாரித்துவிட்டே சம்பந்தம் பேசுவோம். இங்கே பிள்ளையைப் பற்றி எல்லாவற்றையும் சங்க வீடு விசாரிக்கிறது: மதிப்பெண், குடும்பம், யாரோடு பழகுகிறான், இன்ஸ்டாகிராமில் என்ன போடுகிறான். வீட்டைப் பற்றி விசாரிக்கப் பிள்ளைக்கு வழியில்லை. இந்த ஒருபக்கப் பார்வைதான் எங்கள் எல்லாக் கோரிக்கைகளுக்கும் அடி.

கையெழுத்துக்குப் பின் நடந்தவை

2017 பிப்ரவரி 2. பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் பீட்டா தீட்டா பை வீட்டில், பிட்டை ஏற்றுக்கொண்டவர்களுக்கு வரவேற்பு இரவு. மது கூடாது என்று அறிவிக்கப்பட்டிருந்த வீடு அது. புதியவர்களை வரிசையில் நிறுத்தி, ஒவ்வொரு நிறுத்தத்திலும் குடிக்கவைத்தார்கள். பத்தொன்பது வயது டிமதி பியாட்ஸா நிலவறைப் படிக்கட்டில் உருண்டு விழுந்தார். தூக்கி வந்து சோபாவில் கிடத்தினார்கள். புரண்டு படுத்து மூச்சு அடைக்காமலிருக்கப் புத்தகம் திணித்த பையை முதுகில் மாட்டினார்கள். ஆம்புலன்சுக்கு அழைப்பு போனது ஏறக்குறைய பன்னிரண்டு மணி நேரம் கழித்து. வீட்டிலிருந்த கேமராக்கள் அத்தனையையும் பதிவு செய்திருந்தன. பிப்ரவரி 4 அன்று அவர் இறந்தார். சேர்ந்த இரவே கடைசி இரவாயிற்று. 2018-இல் பென்சில்வேனியா கொண்டுவந்த சட்டம் அவர் பெயரைத் தாங்குகிறது.

அதே 2017 செப்டம்பரில் லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு மாணவர் மேக்ஸ் க்ரூவர் பலியானார். சங்க வரலாற்றில் கேள்வி கேட்பார்கள். பதில் தவறினால் குடிக்க வேண்டும். அவர் இரத்தத்தில் 0.495 விழுக்காடு ஆல்கஹால் இருந்தது. வண்டி ஓட்டச் சட்டம் அனுமதிக்கும் வரம்பு 0.08. வகுப்பு தொடங்கி ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை.

இது வெள்ளைக்காரப் பிள்ளைகளின் விவகாரம் என்று எங்களில் எவரும் ஆறுதல் கொள்ள வேண்டாம். 2013 டிசம்பரில் நியூயார்க்கின் பருக் கல்லூரி மாணவர் ஒருவர், பை டெல்டா சை எனும் ஆசிய அமெரிக்க ஃப்ரெடர்னிட்டியில் சேரும் சடங்குக்காகப் பென்சில்வேனியாவின் போக்கனோ மலைப் பகுதிக்கு அழைத்துச் செல்லப்பட்டார். கண்ணைக் கட்டி, மணல் மூட்டையை முதுகில் ஏற்றி, இருட்டில் மோதித் தள்ளினார்கள். மயங்கி விழுந்தவரை உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோகாமல் இணையத்தில் அறிகுறி தேடிக்கொண்டிருந்தார்கள். அவர் இறந்தார். பின்னர் நீதிமன்றம் அந்தச் சங்கத்தையே குற்றவாளி எனத் தீர்த்து, பென்சில்வேனியாவில் பத்தாண்டு இயங்கத் தடை விதித்தது. தங்கள் இனத்தாரின் சங்கம் என்பதால் ஆபத்து குறைந்துவிடாது.

கோரிக்கைகள்

1. சாப்டரின் முழு வரலாறு, ஒரே பக்கத்தில், பிட்டோடு சேர்த்து.
2024 டிசம்பரில் கையெழுத்தான ஹேஸிங் தடுப்புக் கூட்டாட்சிச் சட்டம், குற்றம் உறுதியான சங்கங்களின் பட்டியலைக் கல்லூரிகள் வெளியிட வேண்டும் என்கிறது. ஆண்டுக்கு இரண்டு முறையாவது புதுப்பிக்கச் சொல்கிறது. இதை வரவேற்கிறோம். ஆனால் அதில் மூன்று ஓட்டை உண்டு. விசாரணை முடியாதவை அப்பட்டியலில் வருவதில்லை. கல்லூரியின் அங்கீகாரம் இழந்து வெளியில் வீடெடுத்து நடத்தும் சங்கங்கள் வருவதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, பட்டியல் வலைத்தளத்தின் மூலையில் கிடக்கிறது. பிட் பிள்ளையின் கையில் இருக்கிறது. ஆகவே கடந்த பத்தாண்டின் மீறல்கள், தற்காலிக நிறுத்தங்கள், மருத்துவமனைக்குப் போன சம்பவங்கள் அனைத்தும் எளிய மொழியில் பிட்டோடு இணைத்துத் தரப்பட வேண்டும். அங்கீகாரம் பறிக்கப்பட்ட சங்கங்களின் பெயரை ரஷ் தொடங்கும் முன் ஒவ்வொரு முதலாண்டு மாணவருக்கும் மின்னஞ்சலில் அனுப்ப வேண்டும். மூடிய சாப்டர், பழைய உறுப்பினர் பட்டம் வாங்கிப் போனபின் அதே பெயரில் திரும்ப வந்தால், பழைய கணக்கும் அதன் கூடவே வர வேண்டும்.

2. பணக் கணக்கு முழுவதும் முன்கூட்டியே.
பருவக் கட்டணம், புது உறுப்பினர் கட்டணம், தேசியத் தலைமையகத்துக்குப் போவது, காப்பீடு, டி-ஷர்ட், விருந்து, அபராதம், வீட்டு வாடகை, சாப்பாடு என நான்காண்டுக்கும் சேர்த்து ஒரே தாளில் தர வேண்டும். இடையில் விலகினால் எவ்வளவு திரும்பும், வீட்டு ஒப்பந்தம் கழுத்தைப் பிடிக்குமா என்பதும் அதில் இருக்க வேண்டும். ஆள்சேர்ப்புப் பதிவுக் கட்டணத்தை உதவித்தொகை பெறும் மாணவருக்கு நீக்க வேண்டும்.

3. காப்பீடு எதற்குக் கைகொடுக்காது என்பதை எழுத்தில் தாருங்கள்.
பெற்றோரில் பெரும்பாலோர் அறியாத இடம் இது. உறுப்பினர் கட்டும் காப்பீட்டுப் பணம் எல்லாச் சூழ்நிலையிலும் அவரைக் காக்காது. ஹேஸிங், வயது வராதவருக்கு மது கொடுத்தல் போன்ற விதிமீறல் நடந்தால் பாதுகாப்பு விலகிவிடும்படி பல பாலிசிகள் எழுதப்பட்டுள்ளன. அப்போது வழக்கு அந்த மாணவர் மேலேயே நிற்கும். நஷ்டஈடு பெற்றோரின் வீட்டுக் காப்பீடு வரைக்கும் வந்து தட்டும். பத்தொன்பது வயதில் பிள்ளை போட்ட கையெழுத்துக்கு, முப்பது வருடக் கடனில் வாங்கிய வீடு பிணையாகிறது. விலக்குகளின் பட்டியல் கையெழுத்துக்கு முன் பெற்றோருக்கும் மாணவருக்கும் தரப்பட வேண்டும்.

4. முதல் பருவத்தில் ரஷ் வேண்டாம்.
வகுப்பறை எங்கே என்று தெரியும் முன் சங்கம் தேர்ந்தெடுக்கச் சொல்வது நியாயமல்ல. வாண்டர்பில்ட் இரண்டாம் பருவம் வரை காத்திருக்கச் சொல்கிறது. டார்ட்மத் இரண்டாம் ஆண்டு வரை. அங்கெல்லாம் சங்கங்கள் அழிந்துவிடவில்லை. ஒரு பருவ மதிப்பெண்ணும் நாலு நண்பர்களும் கையில் இருக்கும் பிள்ளைக்கு ‘வேண்டாம்’ என்று சொல்லத் துணிவு இருக்கும். கோடை விடுமுறையிலேயே விருந்து வைத்து ஆள் பிடிக்கும் ‘டர்ட்டி ரஷ்’ஷைக் கடும் மீறலாகக் கருத வேண்டும்.

5. யோசிக்க மூன்று நாள். ஏற்கும் இரவில் மது இல்லை.
பிட் கொடுத்த பின் எழுபத்திரண்டு மணி நேரம் எவரும் வற்புறுத்தக் கூடாது. முதலாண்டு மாணவருக்கு வயது பதினெட்டு. நாட்டின் மது வயது இருபத்தொன்று. பிட் நாளிலும், புதியவரை மூத்தவர் ஒருவரோடு இணைக்கும் ‘பிக்-லிட்டில்’ இரவிலும், உறுப்பினராக்கும் நாளிலும் வளாகத்தின் உள்ளேயோ வெளியேயோ மது இருந்தால் அந்தச் சாப்டரின் அனுமதி அன்றே நிறுத்தப்பட வேண்டும். 2021 மார்ச்சில் பௌலிங் கிரீன் ஸ்டேட் பல்கலைக்கழக மாணவர் ஒருவரைக் கொன்றது இத்தகைய ‘பிக்-லிட்டில்’ இரவே. 15 விழுக்காட்டுக்கு மேற்பட்ட மதுவைச் சங்க வீடுகளில் தடுக்கும் விதியை ஃப்ரெடர்னிட்டிகளின் கூட்டமைப்பு 2019-இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அந்த விதிக்குப் பிறகும் போனது ஓர் உயிர். விதியைக் கண்காணிப்பவர் யார் என்பதையும் எழுதுங்கள்.

6. ‘பிளெட்ஜ்’ எனும் புது உறுப்பினர் சோதனைக் காலத்தை ஒழித்துவிடுங்கள். இல்லையேல் நாள்காட்டியைத் தாருங்கள்.
அடிமைக் காலம் இல்லாமலும் சங்கம் நடத்தலாம். சிக்மா ஆல்ஃபா எப்ஸிலான் 2014-இல் பிளெட்ஜ் முறையையே கைவிட்டது. பிட்டை ஏற்ற நாளிலிருந்தே முழு உறுப்பினர் உரிமை தருவதே நேர்வழி. அதுவரை, புதியவர்களுக்கான ஒவ்வொரு நிகழ்ச்சியும் தேதி, நேரம், இடம், பொறுப்பாளர் பெயரோடு முன்கூட்டியே கல்லூரியிடம் பதிவாக வேண்டும். பட்டியலில் இல்லாத நிகழ்ச்சிக்கு அழைத்தால் அதுவே மீறல். கைப்பேசியைப் பிடுங்கி வைத்தல், தூக்கத்தைக் கெடுத்தல், ஊர்விட்டு ஊர் கொண்டுபோதல் மூன்றையும் பெயர் சொல்லித் தடை செய்யுங்கள்.

7. முதலில் 911, பிறகு மற்றதெல்லாம்.
மயங்கியவருக்காக ஆம்புலன்ஸ் அழைப்பவரைக் குடிவயது மீறலுக்காகத் தண்டிக்காத விலக்கு பல மாநிலங்களில் உண்டு. அது இருப்பது பிள்ளைகளுக்குத் தெரியாது. தெரிந்தாலும் சாப்டரின் பேர் கெட்டுவிடுமே என்று தயங்குகிறார்கள். ஒவ்வொரு வீட்டின் கூடத்திலும் இந்த விலக்கைப் பெரிய எழுத்தில் ஒட்ட வேண்டும். அழைத்த சாப்டரின் தண்டனை குறையவும், அழைக்காத சாப்டர் நிரந்தரமாக மூடப்படவும் விதி வேண்டும். இருபத்தொன்றுக்குக் கீழ்ப்பட்டவர் மது விதி மீறினால் பெற்றோருக்குத் தெரிவிக்கக் கூட்டாட்சித் தனியுரிமைச் சட்டமே இடம் தருகிறது. ‘சட்டம் தடுக்கிறது’ என்ற பதில் இனி வேண்டாம்.

8. யாரைச் சேர்க்கிறீர்கள் என்பதற்கும் கணக்கு.
அலபாமா பல்கலைக்கழகத்தில் கறுப்பின மாணவிகளை நிறத்துக்காகச் சொராரிட்டிகள் ஒதுக்கியதை 2013-இல் மாணவர் செய்தித்தாளே அம்பலப்படுத்தியது; அதன் பிறகே நிர்வாகம் கதவைத் திறக்கவைத்தது. தாய், பாட்டி அதே சங்கத்தவர் என்பதால் கிடைக்கும் ‘லெகசி’ சலுகை, புதிதாகக் குடியேறியோர் பிள்ளைகளுக்கு எப்போதும் எட்டாத ஏணி. அதை நீக்குங்கள். விண்ணப்பித்தோர், அழைக்கப்பட்டோர் எண்ணிக்கையை இனவாரியாக ஆண்டுதோறும் வெளியிடுங்கள். தெற்காசியச் சங்கங்களுக்கும் தனியே சொல்கிறோம்: சாதி, மதம், மொழி, எந்த ஊர் என்ற கேள்விகள் நேர்முகத்திலும் வேண்டாம், முகம் பார்த்து முடிவெடுக்கும் சாப்டர் கூட்டத்திலும் வேண்டாம்.

9. எந்நாளும் விலகும் உரிமை.
ஒரு வரி மின்னஞ்சலில் விலகலாம் என்றிருக்க வேண்டும். விலகியவரைத் தொந்தரவு செய்வது, புகைப்படம் பரப்புவது, வீட்டிலிருந்து இரவோடிரவாக வெளியேற்றுவது தண்டனைக்குரியதாக வேண்டும். சொராரிட்டிகளின் ஓராண்டுத் தடை விதியைக் கைவிட வேண்டும்.

10. தேசியத் தலைமையகம் கைகழுவக் கூடாது.
கட்டணம் வாங்கும்போது ‘நம் குடும்பம்’, வழக்கு வந்தால் ‘அந்தச் சாப்டர் தனி’ என்ற இரட்டை நாக்கு போதும். ஒவ்வொரு வளாகத்துக்கும் சம்பளம் வாங்கும் பொறுப்பாளரை நியமியுங்கள். ஆண்டுதோறும் ஒவ்வொரு உறுப்பினரும் ஹேஸிங் செய்ய மாட்டேன் என உறுதிமொழியில் ஒப்பமிடட்டும். இந்தியாவில் 2009 முதல் பல்கலைக்கழக மானியக் குழு, மாணவரும் பெற்றோரும் ராகிங் எதிர்ப்பு உறுதிமொழி தர வேண்டும் என்று வைத்திருக்கிறது. அது எல்லாவற்றையும் நிறுத்திவிடவில்லை. ஆனால் ‘எனக்குத் தெரியாது’ என்று சொல்லும் வாயை அடைத்திருக்கிறது.

எங்கள் பக்கத்து உறுதி

கேட்பவர் கொடுக்கவும் வேண்டும்.

பெற்றோராகிய நாங்கள், பிள்ளை ரஷ்ஷுக்குப் போகிறேன் என்றால் கத்தி வாயடைக்க மாட்டோம். வீட்டில் சொல்ல முடியாத பிள்ளைதான் நிலவறையிலும் சொல்லாமல் கிடக்கும். என்ன சடங்கு, யார் பொறுப்பு, எவ்வளவு பணம் என்று கேட்போம். எங்கள் பிள்ளை ஹேஸிங் செய்தவர் பக்கம் நின்றால், வக்கீல் பிடித்து மூடி மறைக்க மாட்டோம். ‘நாலு பேர் என்ன சொல்வார்கள்’ என்று புகாரைத் திரும்பப் பெற மாட்டோம்.

மாணவராகிய நாங்கள், சங்கத்தில் இருந்தாலும் வெளியில் இருந்தாலும், விழுந்தவரை விட்டுப் போக மாட்டோம். பட்டியலில் இல்லாத நிகழ்ச்சிக்குப் போக மாட்டோம். இளையவரை அழைக்கவும் மாட்டோம். நாங்கள் பட்டதை அடுத்த வரிசை பட வேண்டும் என்ற கணக்கை எங்களோடு முடிப்போம். மாணவர் விசாவில் வந்திருக்கும் நண்பர்களுக்கு, ஒரு கைதுகூட அவர்கள் விசாவை ஆட்டிவிடக் கூடும் என்பதை ரஷ்ஷுக்கு முன்பே சொல்வோம்.

தீர்மானம்

இச்சாசனத்தைப் பெற்ற நாளிலிருந்து தொண்ணூறு நாளில் எழுத்துவழிப் பதில் கேட்கிறோம். கோரிக்கை 1, 2, 3, 7 ஆகியவற்றுக்குப் புதுச் சட்டமோ புதுப் பணமோ தேவையில்லை. அடுத்த ரஷ் தொடங்கும் முன் அவை நடைமுறைக்கு வர வேண்டும். மற்றவற்றுக்கு ஓராண்டு அவகாசம் தருகிறோம்.

பதில் தந்த கல்லூரிகள், சங்கங்களின் பெயரையும் தராதவற்றின் பெயரையும் எங்கள் தமிழ்ப் பள்ளிகளிலும் கோயில் கூடங்களிலும் பொங்கல் விழா மேடைகளிலும் ஆண்டுதோறும் வாசிப்போம். கல்லூரி பார்க்கப் போகும் ஒவ்வொரு குடும்பமும், சேர்க்கை அலுவலகத்தில் கட்டணமும் விடுதியும் கேட்கும் அதே மூச்சில், சாப்டர்களின் பத்தாண்டுக் கணக்கையும் கேட்கும். பதில் வராத கல்லூரிக்கு நன்கொடைக் காசோலை போகாது.

மேற்கண்டவாறு ஏகமனதாகத் தீர்மானித்து ஒப்பமிடுகிறோம்.